யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ முதலாளிமாருக்கு ஒரு எடிற்றரின் திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கும், கமரா தூக்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, வேலை தெரியும். கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகக் கலியாணப் படம் திருத்துகிறேன். வாசலில் நின்றபடியே ஹாட் டிஸ்க்கை நீட்டி, "அண்ணை, மாப்பிள்ளை பகுதிக்கு வெள்ளிக்கிழமை பிளைற், அதுக்குள்ளை தாங்கோ" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறவர்கள் நீங்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கினால் எனக்குக் கோயிலும் இல்லை, நித்திரையும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, சோறு போட்ட தொழில்.

டிஸ்க்கோடு கூடவே இன்னொரு வசனமும் வரும். "வழமைபோல கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ." அந்த வழமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதை இத்தனை வருசம் கொண்டுநடத்தியதில் எனக்கும் பங்கிருக்கிறது. ஆகவே நீதிபதி மாதிரி எழுத என்னால் முடியாது.

தொழிலைப் பழகியது 1999 இல், நகரத்தில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில். போரால் இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பி மூன்று வருசம். அடையாள அட்டைக்கும் பயணப் பாஸுக்கும் படம் எடுக்க வரிசை நிற்கும். அங்கே ரீரச்சிங் செய்ய ஒரு ஐயா இருந்தார். சாய்வான மேசை, நடுவில் தேய்த்த கண்ணாடி, பின்னால் இருந்து வெளிச்சம். நெகற்றிவ்வை அதில் பொருத்தி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். நெகற்றிவ்வில் கருமை ஏற ஏற அச்சில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம் அப்படித்தான் நிரம்பியது. கூடிப்போனால் கத்தி நுனியால் சுரண்டுவார். ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலம் போகும். எனக்கு அவர் சொல்லித்தந்த விதி ஒன்றே ஒன்று: "அடுத்த மாசமும் முகத்திலை இருக்கப்போறதைத் தொடாதை." பரு போகும், எடுக்கலாம். மச்சம் போகாது, விட வேண்டும்.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. அவரிடம் ஒரு சிவப்புச் சாயப் போத்தல் இருந்தது. கறுப்பு வெள்ளை அச்சுத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. நெகற்றிவ்வில் முகம் இருக்கும் இடத்தில் அந்தச் சாயத்தைத் தூரிகையால் தடவினால் அது வெளிச்சத்தை மறிக்கும், அச்சில் முகம் வெளுத்து வரும். கலியாணம் பேச எடுக்கும் படமென்றால் அந்தக் காலத்தில் போத்தல் கட்டாயம் திறபடுமாம். கறுப்பென்று தெரிந்த பிள்ளையைக் குறிப்பில் "பொது நிறம்" என்று எழுதுவார்கள், படத்தில் சிவலையாக்குவார்கள். ஆகவே இது கொம்பியூட்டரோடு வந்த வியாதி இல்லை. ஆனால் ஐயாவுக்கு ஒவ்வொரு முகத்துக்கும் தூரிகை எடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒரு பிறிசெற் (முதலே சேமித்து வைத்த திருத்தம்), ஒரு சொடுக்கு, எண்ணூறு படம். பொம்பிளை கேட்டிருக்கலாம். பந்திக்கு நின்ற பெரியம்மா கேட்டாரா? தவில் வாசித்தவர் கேட்டாரா? அவரையும் வெளுப்பாக்கித்தான் அனுப்புகிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அண்ணை இருட்டுப் படம் கேட்கிறார் என்பீர்கள். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிற ஒரு மொக்குச் சாமான். பட்டு வேட்டி, சால்வை, பின்னால் வெள்ளைத் துணி மணவறை என்றால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்து முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். மாப்பிள்ளையின் முகம் கரியாகிவிடும். அதைத் தூக்கிவிடுவது எங்கள் கடமை. மண்டபத்து ஊதா லைற் கன்னத்தில் அடித்திருந்தால் அதை எடுப்பதும் கடமை. வெளிச்சத்தைத் தூக்கினால் முகம், கழுத்து, கை, வேட்டி, நிறைகுடம் எல்லாம் சேர்ந்து உயரும். தோலை வெளுப்பாக்கினால் முகம் மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போகும். முகம் சூரிச்சிலும் கை கோண்டாவிலிலும் இருக்கிற படங்கள் எத்தனையோ நானே செய்து தந்திருக்கிறேன், நீங்களும் காசு தந்து வாங்கியிருக்கிறீர்கள்.

வெளுப்பாக்கும் குறுக்குவழி உங்களுக்கும் தெரியும். லைற்றூம் சொப்ட்வெயாரில் செம்மஞ்சள் நிறத்தின் ஒளிர்வைக் கூட்டிச் செறிவைக் குறைப்பது. எங்கள் தோல் பெரும்பாலும் அந்தச் செம்மஞ்சளுக்குள்தான் விழும். கரைச்சல் என்னவென்றால் தங்கமும் அதற்குள்தான் விழும். தாலிக்கொடி, அட்டியல், காப்பு, குத்துவிளக்கு, தட்டத்து மஞ்சள் எல்லாம் ஒரே பெட்டி. ஒருமுறை ஒரு பொம்பிளையின் தாய் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போய், அங்கிருந்து என்னிடமே வந்துவிட்டார். "தம்பி, பதினொரு பவுண் கொடி. சம்பந்தி வீட்டார் படத்தைப் பாத்திட்டு கவறிங்கோ எண்டு கேக்கினம்." பார்த்தேன். சரிதான், 22 கரட் நகை வெளிறிப்போய்ப் பித்தளை மாதிரிக் கிடந்தது. இரண்டு இரவு இருந்து ஒவ்வொரு படத்திலும் நகையை மட்டும் தனியாக வளைத்தெடுத்துப் பொன்னாக்கினேன். முகத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டேன். நகையின் நிறம் போனதற்கு ஓடி வந்தார்கள். பிள்ளையின் நிறம் எங்கே என்று தாயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சாமானைக் குற்றம் சொல்லித் தப்பலாம். கொடாக் நிறுவனம் ஒருகாலத்தில் நிறம் சரிபார்க்க அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷேர்லி அட்டை என்பார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதுதான் அப்போதைய கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் எப்போதும் இருட்டாகவே வந்தோம். இப்போதைய கமராக்கள் அப்படியில்லை. கறுத்த தோலில் விழும் வெளிச்சத்தை, கன்ன மேட்டின் மினுக்கத்தை, கூறைச் சிவப்பு நாடியில் தெறிப்பதை எல்லாம் பிடித்து வைத்திருக்கின்றன. அதைத் துடைத்து ஒரே மாவாக்குவது நாங்கள்தான்.

புதிதாக வந்திருக்கிற, தானாகவே தோல் திருத்தும் சொப்ட்வெயார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேரம் மிச்சம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு எங்கள் ஊர் தெரியாது. ஒரு கலியாணத்தில் தாய்மாமனின் நெற்றித் திருநீற்றைத் தோலில் வந்த ஏதோ என்று நினைத்து அரைவாசியை அழித்திருந்தது. மூக்குத்திக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைக் கறை என்று எடுத்திருந்தது. வட்ஸ்அப்பில் பார்த்தால் வடிவாகத்தான் இருக்கும். அல்பத்தை விரித்தால் 12 அங்குல உயரம், 36 அங்குல அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) கணக்கில் கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். எங்கள் பெரும்பாலான கமராக்கள் தருவது 2 கோடியே 40 லட்சம். அதாவது இருப்பதை இழுத்துப் பெருப்பித்துத்தான் அச்சடிக்கிறோம். அந்த அளவில் மெழுகிய முகம் மெழுகாகவே தெரியும்.

(கலியாணத்துக்கு முன் கோட்டையிலும் கசூரினாவிலும் மணற்காட்டிலும் எடுக்கிற படங்களுக்கு வானம் மாற்றுவது வேறு கதை. மாற்றுங்கள், எனக்கொன்றும் இல்லை. ஆனால் பனை நிற்கிற படத்தில் மட்டும் வேண்டாம். ஓலை இடுக்கு ஒவ்வொன்றிலும் பழைய வானம் எட்டிப் பார்க்கும். ஒரு வடலிக்கு ஒன்றரை மணித்தியாலம் மினக்கெட்டவன் சொல்கிறேன்.)

நான் எதையும் தொடாதே என்று சொல்கிற ஆளில்லை. வியர்வை மினுக்கத்தை எடுங்கள். மணவறைக்குப் பின்னால் தொங்கும் வயரை, யாரோ வைத்துவிட்டுப் போன சோடாப் போத்தலை எடுங்கள். குரூப் போட்டோவில் கண் மூடின சித்தப்பாவுக்கு அடுத்த படத்தில் இருந்து அவருடைய கண்ணையே கொண்டுவந்து வையுங்கள், அது அவர்தானே. இடுப்பை ஒடுக்குவதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் மணவறைத் தூணும் சேர்ந்து வளைவதை ஊர் பார்த்துச் சிரிக்கிறது, அதுவே போதும். நோர்வேயில் 2022 யூலை முதல், உடலையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லும் அடையாளம் போட வேண்டும் என்று சட்டம். அது விளம்பரத்துக்கு. எங்கள் அல்பத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரப்போவதில்லை, நாங்களாகப் பார்த்து நடந்தால்தான் உண்டு.

இல்லாத ஆட்களைச் சேர்க்கிற வேலைக்கு வருகிறேன். விசா கிடைக்காத தமையன், செத்துப்போன தகப்பன், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத தகப்பன். எங்கள் ஊர் எடிற்றர் எல்லோரிடமும் இந்த வேலை வந்திருக்கும். ஒரு தாய் கணவரின் பழைய படத்தைத் தந்து, மகளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டச் சொன்னார். "மாலை கீலை போட்டுடாதை தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார். செய்து கொடுத்தேன், கேட்டால் இன்னும் செய்வேன். ஆனால் அந்தப் படத்தைத் தனியாகச் சட்டம் போட்டுக் கொடுங்கள், தாலி கட்டுக்கும் ஆராத்திக்கும் நடுவில் அல்பத்தில் ஒட்டாதீர்கள். பேரப்பிள்ளை ஒருநாள் அல்பத்தைப் புரட்டி, அம்மப்பா அன்றைக்கு வந்திருந்தார் என்று நினைக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் தொழில் பேச்சு. நான் ஏன் இப்போது எழுதுகிறேன் என்பது வேறு.

எங்கள் ஊரில் ஒரு ஆள் நல்ல உடுப்புப் போட்டு, தலை சீவி, நல்ல கமராவுக்கு முன்னால் நிற்பது கலியாண வீட்டில்தான். அதுவும் பெரும்பாலும் வேறு யாருடையதோ கலியாணத்தில். ஆகவே அவர் செத்தால் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கும், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கும், சுவரில் மாட்டுகிற படத்துக்கும் எடுப்பது அந்தக் கலியாணப் படத்தில் இருந்துதான். பக்கத்தில் நின்றவரின் தோளை வெட்டி, பின்னால் இருந்த மணவறையை அழித்து, நீல நிறத்தில் ஒரு பின்னணி போட்டு. இந்த வேலையையும் நாங்கள்தான் செய்கிறோம். ஆனால் கலியாணப் படத்தைத் திருத்தும்போது அது நினைவில் வருவதில்லை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் இருந்து போராடத் தொடங்கினார்கள். அந்த வருசம் ஒரு அம்மா படம் பெருப்பிக்க வந்தார். கொண்டுவந்தது பெறாமகளின் கலியாணக் குரூப் போட்டோ. மகன் பின்வரிசையில் நிற்கிறார், முகம் ஐந்து ரூபாக் குற்றியளவு. அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். ஸ்கான் பண்ணி, கூர்மையாக்கி, பழக்கதோசத்தில் நெற்றியையும் துடைக்கப் போனேன். அம்மா எழும்பி வந்து திரையில் விரலை வைத்தார். "அதை விடு ராசா. அந்தக் காயத்தாலைதான் ஆக்களுக்கு அவனைத் தெரியும்."

அன்றோடு திருந்தினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. அடுத்த கிழமை வந்த கலியாணத்துக்கும் அதே பிறிசெற்றைத்தான் போட்டேன்.

2021 இல் என் அம்மா போனார். கல்வெட்டுக்குப் படம் வேண்டும். பழைய அல்பம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. ஆனால் 2015 ஆனியில் தங்கச்சியின் கலியாணம் நடந்தது, படம் திருத்தியது நான். அம்மா பச்சைப் பட்டுச் சேலையில் வடிவாக இருந்த படம் ஒன்று நினைவில் இருந்தது. கொம்பியூட்டரைப் போட்டுத் தேடி எடுத்து, கனடாவில் இருந்த தங்கச்சிக்கு அனுப்பினேன். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிற்பாட்டிவிட்டுக் கேட்டாள்: "இது ஆரண்ணா?"

அம்மா கறுப்பு. கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தது, சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்தது. சிரித்தால் அது உள்ளே மடிந்து குழி மாதிரித் தெரியும். படத்தில் இருந்த அம்மா கோதுமை நிறத்தில், தழும்பும் இல்லாமல், கண்ணோரச் சுருக்கமும் இல்லாமல் யாரோ ஒரு உத்தியோகத்தர் போல இருந்தார். அதை நான் எடுத்த நினைவுகூட எனக்கில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நினைவிருந்திருக்கும். எண்ணூறு படத்தோடு ஒரு படமாகப் போயிருக்கிறது.

மூலப் படத்தைத் தேடினேன். கமராவில் இருந்து வந்தபடியே இருந்த றோ பைல்களை 2016 இல் அழித்திருக்கிறேன், டிஸ்க்கில் இடம் காணாது என்று. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, றோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் பெரும்பாலும் 16,384 படிகள் இருக்கும், ஜேபெக்கில் 256. வெளுப்பாக்கிச் சுருக்கிச் சேமித்த முகத்தைத் திரும்ப இருட்டாக்கினால் சாம்பல்தான் வரும், அம்மாவின் நிறம் வராது. தங்கச்சியின் போனில் இருந்த படங்களைப் பார்த்தோம். அந்தப் போன் எடுக்கும்போதே தானாகப் பவுடர் பூசுகிற போன். கடைசியில் தழும்பை நானே கீறிப் பார்ப்போம் என்று விடிய இரண்டு மணி வரை இருந்தேன். மேலே வளைந்திருந்ததா, கீழேயா என்று தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் மேலே என்றார், மாமியைக் கேட்டால் கீழே என்றார். அந்த முகத்தை நாற்பது வருசம் ஒவ்வொரு நாளும் பார்த்தவன் நான். கல்வெட்டில் போட்டது அடையாள அட்டைப் படம். பயந்துபோன முகம்.

ஆகவே கேட்கிறேன்.

பிறிசெற்றில் இருந்து வெளுப்பைக் கழற்றுங்கள். யாராவது கேட்டால் பார்ப்போம், ஆனால் கேட்கிறவர் பொம்பிளையோ மாப்பிள்ளையோவாக இருக்கட்டும். மாமியாரும், காசு அனுப்பிய லண்டன் அண்ணனும் சொல்வதை வைத்து ஒரு பெண்ணின் நிறத்தை நாங்கள் முடிவு செய்யத் தேவையில்லை. முதல் இருபது படத்தைத் தோல் தொடாமல் திருத்தி அந்தப் பிள்ளைக்கு நேரடியாகக் காட்டுங்கள். போன ஆவணியில் நான் ஐந்து கலியாணத்துக்கு அப்படிச் செய்தேன். நாலு பேர் "இப்பிடியே இருக்கட்டும்" என்றார்கள். ஐந்தாவது பிள்ளை வெளுப்பாக்கச் சொன்னார், செய்துகொடுத்தேன். அது அவருடைய முகம், அவருடைய விருப்பம்.

தாய் தகப்பன், பேரன் பேத்தி, வந்த சனம் என்று யாரையும் தொடாதீர்கள். அவர்கள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மூலப் படங்களை அழிக்காதீர்கள். ஒரு கலியாணத்துக்கு 4,000 படம், ஒன்று 25 எம்பி என்றால் 100 ஜிபி. எல்லாவற்றையும் நீங்கள் காலத்துக்கும் வைத்திருக்க ஏலாது, விளங்குகிறது. அப்படியென்றால் அழிக்க முதல் வீட்டுக்காரருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். டிஸ்க் வாங்கிக் கொண்டுவந்தால் கொப்பி பண்ணிக் கொடுங்கள். "றோ குடுக்கிறதில்லை" என்று சில பேர் கௌரவமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி வெந்த சோற்றைப் பரிமாற மாட்டேன் என்கிற சமையல்காரரின் நியாயம் அது, எனக்கும் புரியும். அப்படியானால் திருத்தாத ஜேபெக்காவது கொடுங்கள். குறைந்தது ஒவ்வொரு ஆளும் ஒரு தடவையாவது தெளிவாக வருகிற குரூப் போட்டோக்களையாவது.

எங்களுக்கு நாளும் தாருங்கள். மூன்று நாளில் எண்ணூறு படம் கேட்டால் நான் சொடுக்கத்தான் செய்வேன். ஒவ்வொரு முகமாகப் பார்க்க மாட்டேன்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். 2015 ஆனியில் நடந்த தங்கச்சியின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பகுதியாலும் இரண்டு பேர் படமெடுக்க வந்திருந்தார்கள். எந்த ஸ்ரூடியோ என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் இப்போது நினைவில்லை. அவர்களுடைய அல்பத்திலும் அம்மா வெள்ளைதான். அந்த இரண்டு பேரில் ஒருவர் இதை வாசித்தால், பழைய டிஸ்க் ஏதாவது அலுமாரிக்குள் கிடந்தால், ஒருக்கால் போட்டுப் பாருங்கள் தம்பி. முன்வரிசை, இடப்பக்கம், மூன்றாவது கதிரை. பச்சைப் பட்டுச் சேலை, மடியில் ஒரு வெற்றிலைத் தட்டம். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றும் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து
உங்கள் எடிற்றர்களில் ஒருவன்